இடப்பக்கம் திரும்பினால் கத்தும்

புனலூரிலிருந்து லாரியில் வந்தது,
ரப்பர் ஷீட் நெடியோடு,
பின்சீட் இடுக்கில் காய்ந்த ஒரு பலாக்கொட்டையோடு.
ஸ்டாண்டர்ட் டென். ஐம்பத்தேழாம் வருஷம்.
சென்னையில் பிறந்து, மலை தாண்டி வாழ்க்கைப்பட்டு,
கேஎல்கியூ நம்பரோடு
செங்கோட்டையில் இறங்கி நிற்கிறது.
ஓடுமா என்று உம்மச்சனிடம் கேட்டிருந்தேன்.
"ஓடும். நிக்கான் மட்டும் கொஞ்சம் ஆலோசிக்கும்."

திவான் மைதீனுக்கு இருபத்தாறு வயசு.
ஷேர் ஆட்டோவும் பால்வண்டியும் பார்க்கிற ஷெட்.
பானட்டைத் தூக்கிவிட்டு அரைமணி நேரம்
பேசாமல் நின்றான்.
"எங்க வாப்பாவுக்கும் மூத்த வண்டிக்கா.
இதத் தொட்டதில்ல. தொடலாமா?"
நான் எக்ஸ்ரே எடுப்பவள்,
திறக்காமல் உள்ளே பார்த்தே பழக்கம்.
தொடு என்றேன்.

பேட்டரி தலைகீழாக மாட்டியிருந்தது.
இந்த வண்டிக்கு உடம்பெல்லாம் பாசிட்டிவ்,
அது தப்பென்று நினைத்து யாரோ திருத்தியிருக்கிறார்கள்.
எத்தனை வருஷமோ,
ஏறும்போதெல்லாம் இறங்குகிறேன் என்று
பொய் சொல்லிக்கொண்டிருந்தது ஆம்மீட்டர் முள்.

பெட்ரோல் டாங்கிலிருந்து கட்டன்சாயா வந்தது.
ஒரு படி கூழாங்கல் போட்டு, மண்ணெண்ணெய் ஊற்றி,
ஷேர் ஆட்டோவின் கேரியரில் கட்டி
தென்காசிக்கு இரண்டு டிரிப் அனுப்பினான்.
உள்ளே இருந்தவர்கள்
மேலே என்ன சத்தம் என்று கேட்கவே இல்லையாம்.

கார்புரேட்டர் ஜெட்டில் ஊசிமுனைக்கும் சின்ன ஓட்டை.
கம்பி விட்டால் கீறிவிடும்.
"அக்கா, ஒரு முடி குடுங்க."
கறுப்பு முடி வளைந்து வளைந்து திரும்பி வந்தது.
தயங்கித் தயங்கி,
"நரைச்சது இருந்தா வெறைப்பா நிக்கும்" என்றான்.
காதோரத்தில் ஒன்று பிடுங்கிக் கொடுத்தேன்.
நேரே போய் மறுபக்கம் எட்டிப் பார்த்தது.

பிரேக்குதான் பதினெட்டு நாள்.
பிரேக் ஆயிலுக்குப் பதில்
கையில் கிடைத்த எண்ணெயை ஊற்றியிருந்தார்கள்.
ரப்பரெல்லாம் ஊறின கொண்டைக்கடலை.
கோயம்புத்தூரிலிருந்து அல்வா டப்பா அளவில் பார்சல் வந்த அன்று
நான் சீட்டில், அவன் அடியில்.
மிதிங்க.
பிடிங்க.
விடுங்க.
மிதிங்க.
மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க என்று
பத்தொன்பது வருஷமாக
ஊர் நெஞ்சுக்கெல்லாம் சொன்னவள் நான்.
அன்றைக்கு என் காலுக்கு ஒருத்தன் சொன்னான்.
ஜாம் பாட்டிலுக்குள் குமிழி குமிழியாக
வெளியேறியது யாரோ விட்டுவைத்த காற்று.
நாற்பதாவது மிதியில் பெடல் கல்லாக நின்றது.
இறங்கினபோது என் தொடை நடுங்கியது.

ஞாயிற்றுக்கிழமை மலை.
புளியரை தாண்டி முதல் வளைவு, இடப்பக்கம்.
ஸ்டியரிங்கைத் திருப்பினதும்
ஹாரன் தானாக அலறியது.
நேராக்கினேன், நின்றது.
மறுபடி இடது, மறுபடி அலறல்.
பக்கத்து சீட்டில் திவான்
கையெடுத்துக் கும்பிடாத குறை.
உம்மச்சனுக்குப் போன் போட்டேன்.
அந்தப் பக்கம் சிரிப்பு அடங்க நேரமானது.
"அதா? நான் சொல்லலியா?
ஒயர் எங்கயோ உரசுது மோளே.
முப்பது கொல்லமா நான் தேடறேன்."

எஸ் வளைவுக்குக் கீழே எஞ்சின் சூடேறி அணைந்தது.
பம்பின் மேல் ஈரத்துண்டைப் போட்டுக் காத்திருந்தோம்.
வாழைத்தார் லாரிக்காரர் ஒருவர்
வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து,
விலை கேட்காமல் போனார்.
"ஸ்டியரிங்கக் கழட்டினா ஒயரக் கண்டுபிடிச்சிரலாம்"
என்றான் திவான், அவ்வளவாக மனசில்லாமல்.
வேண்டாம் என்றேன்.
கொண்டைஊசியில் ஹாரன் அடிப்பது நல்ல பழக்கம்தானே.

துண்டு காய்ந்தது. கிளம்பினோம்.
இடது வளைவுகளை அது பார்த்துக்கொண்டது.
வலது வளைவில்
கண்ணாடியை இறக்கி,
கோட்டைவாசல் வரைக்கும்
நான் கத்தினேன்.