ஆறாவது

ஐந்து மேலே போயின, சிவப்பும் பச்சையுமாய்.
ஆறாவதன் திரி சீறிவிட்டுச்
சும்மா இருக்கிறது.

சாட்ஸ்வர்த் சரிவில் எங்கள் முற்றம்
ஒரு கார் நிற்கும் அகலம்.
காரை மதியமே கீழ்த்தெருவுக்கு இறக்கிவிட்டேன்.
துணிக்கொடியை அவிழ்த்தேன்.
ரப்பர் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று
இரண்டு தரம் பார்த்தேன்.
கல்யாண ஏற்பாடு மாதிரி என்று சிரித்தான் தயாளன்.

இப்போது சிரிக்கவில்லை.
ஓர் எட்டு முன்னே வைக்கிறான்.
"அணைஞ்சுபோச்சு, கோகி."
"அணைஞ்சேன்னு அது சொல்லிச்சா?"

வேலிக்கு அப்பாலிருந்து நொமூசா கேட்கிறாள்:
முடிந்ததா, கட்டிலுக்கடியிலிருந்து
நாயைக் கூப்பிடலாமா?
முடியவில்லை, நொமூசா.
முடிந்த மாதிரி இருக்கிறது.

கடல் பக்கமிருந்து காற்று திரும்புகிறது.
முறுக்குத் தட்டோடு வந்த மைத்துனி
தட்டோடே நிற்கிறாள்.
ஓர் அட்டைக் குழாயிலிருந்து
இருபதடி தள்ளிப் பத்துப் பேர்.
சாமி அறையில்கூட இவ்வளவு அமைதியாய்
நாங்கள் நின்றதில்லை.

அரைமணி. கடிகாரம் பார்த்துத்தான்.
பிறகு தூரத்திலிருந்தே குழாயைத் திருப்பினேன்,
அது தொப்பலாகிச் சாயும்வரை.
நீளக் கைப்பிடி மண்வெட்டியால் அள்ளி
வாளித் தண்ணீரில் அமுக்கினேன்.
பிள்ளைகள் என்னைப் பார்த்த பார்வையை
எழுத வேண்டாம்.

காலையில்
வாளி முழுக்கச் சாம்பல் நிறம்.
மேலே நாலைந்து ஜகரண்டாப் பூக்கள்.
தயாளன் இரண்டு கையாலும் பிடித்து
எனக்குத் தேநீர் கொண்டுவருகிறான்.

விரல்களை நான் எண்ணியது
அவனுக்குத் தெரியாது.