செற்றித்தோல்

கருங்கலில் ஒரு குவைத் வீட்டில்
செற்றியைக் கழிக்கிறார்கள் என்று கேட்டுப் போனேன்.
அசல் தோல்.
இரண்டு மழைக்குப் பூசணம் வெளுத்து
கார் ஷெட்டில் குப்புறக் கிடந்தது.
தோலுக்கு எழுநூறு ரூபாய் என்றார் எட்வின் மோசஸ்,
சட்டம் அவர் அடுப்புக்கு.
ஆணி பிடுங்கப் பிடுங்க உள்ளேயிருந்து
நூறு ஃபில்ஸ் காசு, ஒரு பேனா மூடி,
ஈத்தம்பழக் கொட்டை மூன்று.
சுருட்டி ஸ்கூட்டர் பின்னால் கட்டினேன்.
தக்கலை வரும்வரை
யாரோ இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருவதுபோல் இருந்தது.

படத்தில் அவன் வருவது ஏழு நிமிடம்.
உப்புக்கோட்டையின் வடக்கு வாசலில் நிற்பவன்.
பெயர் கிடையாது.
ஒரே வசனம்: "இன்று வழியில்லை."
பிறகு கொன்றுவிடுகிறார்கள்.
கதாநாயகனின் உடுப்பை
யார் வேண்டுமானாலும் தைக்கட்டும்,
எனக்கு இவனுடையது.
மார்பில் மீன்செதிலாய் நாற்பத்தாறு துண்டு,
இடுப்பில் மூன்று வார், தோளுக்கொரு கிண்ணம்.
நிறுத்தி நிறுத்தி எண்ணினேன்
கைப்பேசித் திரையில் நகத்தை வைத்து.

அளவுக்கு வேறெங்கும் தேடவில்லை.
ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில்
பத்து வருஷமாய் நான் மாட்டுகிற ஈய அங்கி.
அதில் விரிசல் கண்டு ஒதுக்கிய பழசைத்
தரையில் மல்லாத்தி
சுற்றிலும் சாக்பீஸ் ஓட்டினேன்.
கதிர் நுழையாத வடிவத்தில்
வாளும் நுழையாதென்று ஒரு கணக்கு.

மரச்சீனி அவிக்கிற கலத்தில் வெந்நீர்.
தோல் முங்கியதும்
குமட்டிக்கொண்டு கிளம்பியது மணம்.
"யாருக்க தோலு பிள்ளே இது?"
மதினி ஷெர்லின் மூக்கைப் பொத்தினாள்.
"இனி அந்தக் கலத்துல எனக்குக் கெழங்கு வேண்டாம், கேட்டியா."
உரிக்காத தேங்காய்மேல் கவிழ்த்துக் கட்டினேன்.
விடிந்து அவிழ்த்தால்
ஓடாக இறுகி, தட்டினால் ஒலித்தது.

மிஷினில் மூன்று ஊசி ஒடிந்தது.
அப்புறம் கோணூசி,
குளச்சலில் வாங்கிய வலைநூல்,
குலசேகரத்திலிருந்து வின்சி தந்த
ஒரு கன்னாஸ் ரப்பர்பால்.
நடுமுதுகுத் துண்டில் ஒரு பள்ளம்.
எட்வின் மோசஸோ அவர் அப்பாவோ
டிவி பார்த்துப் பார்த்துக் குழித்தது.
தட்டினேன், எண்ணெய் போட்டுத் தேய்த்தேன்.
போகவில்லை.
இருந்துவிட்டுப் போகட்டும்.

ஐப்பசி மழை. கரண்ட் இல்லாத ஞாயிறு.
போட்டுக்கொண்டேன்.
ஈயத்தைவிட எடை குறைவுதான்.
ஆனால் கை மேலே போகவில்லை.
நெற்றி முடியை ஒதுக்க
தலையைக் கைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது.
பிழை எங்கே என்று
பதினெட்டு சதவீதச் சார்ஜில் மறுபடி ஓட்டினேன்.
ஏழு நிமிடத்தில் ஒருமுறைகூட
அவன் கை தூக்கவில்லை.
அரசி அழைத்தபோது கழுத்து அசையவில்லை,
மொத்த ஆளாகத் திரும்பினான்.
வாள் இறங்கும்போதும் தடுக்கவில்லை.
அதைத்தான் நான்
விசுவாசம் என்று எண்ணி
பதினாலு வயதில் அழுதேன்.

கதவு தட்டும் சத்தம். கேஸ்.
மொத்த ஆளாகத் திரும்பிப் போய்த் திறந்தேன்.
மழைக்கோட்டுக்குள் இருந்த பையன்
நம்பர் கேட்க மறந்து நின்றான்.
பிறகு தோள்கிண்ணத்தை ஒரு சுண்டு சுண்டி,
"செற்றித் தோலுல்லா அக்கா இது?
எங்க வீட்டுலயும் ஒண்ணு கெடக்கு."
சிலிண்டரை அடுக்களையில் வைக்கவா என்றான்.
நடை முழுக்க வெட்டுத் துண்டு, ஊசி, கவிழ்ந்த கன்னாஸ்.
"இன்னைக்கு வழியில்ல" என்றேன்.

அவன் போன பிறகும் கழற்றவில்லை.
கக்கத்தில் நாலு விரல் நீளம்
கிழித்தால் கை எழும்பும்.
பிளேடு மடியில் இருக்கிறது.
அதை எடுக்கவும் குனிய வேண்டும்.