கழுத்துப் பூச்சு

காசிமேட்டில் என் வேலை
எதுவும் ஒட்டாமல் பார்த்துக்கொள்வது.

விசைப்படகைத் தரையேற்றி அடிவயிற்றைச் சுரண்டி
கொட்டலசு, பாசி, போன வருஷத்துச் சிவப்பு
எல்லாம் உதிர்ந்த பிறகு
செம்பு கலந்த பெயிண்ட், இரண்டு கோட்.
மூன்றாவதற்கு டில்லி அண்ணன் காசு தரமாட்டார்.
பத்தொன்பது வருஷமாக என் நகக்கண்ணில்
ஒட்டவிடாத நிறம் ஒட்டியிருக்கிறது.

வின்ச் கைப்பிடி திரும்பி அடித்ததில்
கீழ்வரிசையில் ஒரு பல் போனது.
தேடினேன். ஐஸ் தண்ணியோடு
கடலுக்கே போயிருக்கும்.

கல்மண்டபம் பக்கம், மாவு மில்லுக்கு மேல்மாடி.
டாக்டர் ஜெசிமா பானு
ரசீதின் பின்பக்கத்தில் வரைந்து காட்டினார்:
எலும்பு, அதற்குள் டைட்டானியம் திருகாணி.
"எலும்பு பிடிச்சுக்கும் கஜபதி.
தகராறு ஈறுதான்."

பிறவிப் பல்லென்றால்
ஈறின் நார்கள் வேருக்குள்ளேயே இறங்கித்
தைத்துக்கொள்ளுமாம்.
உலோகத்தைக் கண்டால்
சுற்றி நின்று வேடிக்கை பார்க்குமாம்,
லாரி மோதின இடத்தில் கூட்டம் நிற்பதுபோல.
அந்த இடுக்கில் கிருமி இறங்கும்.
எலும்பைத் தின்னும். சத்தமே வராது.

இடுக்கு வழியே இறங்குவதைப் பற்றி
எனக்கா சொல்கிறீர்கள்?
வாயில் பஞ்சு. சொல்லவில்லை.

அதனால் கழுத்தில் மட்டும் ஒரு பூச்சு.
கண்ணுக்கே தெரியாத கனம்.
ஈறு தானே தன் அடியில் விரிக்கும் புரதத்தின்
சின்னத் துணுக்கு, உலோகத்தில் கோத்தது.
செல் வந்து தடவிப் பார்க்கும்,
நம்ம வீடுதான் என்று கொக்கி மாட்டும்.
"ஏமாத்தா டாக்டர்?"
"வரவேற்பு" என்றார்.
"புதுசு. இன்னும் பார்த்துட்டுதான் இருக்காங்க.
கையெழுத்துப் போடணும்."

போட்டேன்.
முகவரிக் கட்டத்தில்தான் பேனா நின்றது.
கரையோரக் குடிசையைத் தூக்கிய பின் எர்ணாவூர்,
அங்கே லிஃப்ட் நின்ற பின் மச்சான் வீடு,
இப்போது தண்டையார்பேட்டை, வாடகை.
கட்டம் சின்னது.

யார் முதலில் வருகிறார்களோ அவர்களுக்கே இடம்,
ஈறு முந்தினால் பிழைத்தோம் என்றார்.
தெரியும்.
படகை இறக்கிய முதல் ராத்திரியே
விரலுக்குச் சிக்காத ஒரு வழுவழுப்பு வந்துவிடும்.
மற்றதெல்லாம் அதன்மேல்தான் குடியேறும்.

ஆறு வாரம் பீடி கூடாது.
ஐந்து வாரம் இருந்தேன்.
ஆறாவதில் ஒரு சாவு வீடு, ஒன்றே ஒன்று.
அந்தப் பக்கம் மெல்லவில்லை.
நாக்குதான் சொன்ன பேச்சு கேட்காமல்
இருட்டில் போய்ப் போய்த் தொட்டுவிட்டு வந்தது.

அந்த மாசம்தான் 'சமுத்திர ஜோதி' தரையேறியது.
உளியை வைத்துத் தட்டுகிறேன், ஒன்று மட்டும் விடவில்லை.
ஓடு நொறுங்கி உள்ளிருந்த உயிர் வழிந்த பிறகும்
அடித்தட்டு வெள்ளை வட்டமாய் அப்படியே.
எத்தனை ஆயிரம் சுரண்டியிருப்பேன்!
முதல் தடவையாகக் கேட்டேன்:
எதை வெச்சுடா ஒட்டுன?

பெயிண்டோடு சேர்த்துப் பெயர்த்து
பீடிக்கட்டு இருந்த பையில் போட்டுக்கொண்டேன்.

டாக்டர் அதை ஸ்டீல் தட்டில் வைத்து
என் வாய்க்கான விளக்கை அதன் பக்கம் திருப்பினார்.
கீழே மாவு மில் ஓடி, நின்றது.
"எப்படிப் பிடிக்குது இது, ஈரத்துல, உப்புல?"
"தெரியாது டாக்டர்.
பிடிக்காம பண்ணத்தான் தெரியும்."

பிறகு புதுக் கையுறை.
கோடு கோடாய் அளவு போட்ட மழுங்கின கம்பி
ஈறுக்கும் கழுத்துக்கும் நடுவே இறங்குகிறது.
கோமளி சிஸ்டர் குறித்துக்கொள்கிறார்.
"ரெண்டு."
"ரெண்டு."
"ரெண்டு."
கம்பி உள்பக்கம் போகிறது.
அந்த ஒரு பீடியை நினைத்துக்கொள்கிறேன்.
"மூணு."

மூணு நல்லதா என்று கேட்க வேண்டும்.
அந்தச் சொல்லைத் தொடங்கவே
உதட்டோடு உதடு ஒட்ட வேண்டும்.
வாய் திறந்திருக்கிறது.