பதினாறு வரி

நான் கதை படிப்பதில்லை, கோக்கிறேன்.
ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக, தலைகீழாக,
வலமிடம் மாற்றி.
எடின்பரோவில், மீன்சந்தைச் சந்தில்,
மூன்றாம் மாடியின் வடக்குச் சன்னலோரம்
ஏழு பெண்கள் நிற்கிறோம்.
ஆண்களுக்குக் கொடுப்பதில் பாதி கூலி.
"சின்ன விரல், அதற்கேற்ற காசு" என்பார்
மேஸ்திரி பிட்கெத்லி. நகைச்சுவை என்று நினைப்பு.

வியாழன்தோறும் கைப்பிரதி வரும்:
திருமதி ஆர்டன்ஷா துப்பறிகிறாள்.
எழுதுபவர் கேப்டன் வின்டிராம்.

இங்கே திருமதி என்றால் விதவை.
விதவை என்றால்தான் இரவில் தனியாக வண்டி ஏறலாம்,
அடகுக்கடைக்காரனிடம் குரலை உயர்த்தலாம்.
முதல் அத்தியாயத்திலேயே கணவனைக்
கடலில் மூழ்கடித்தாயிற்று.
போதாதென்று வங்கியும் திவால்.
அப்புறம்தான் அவளுக்கு
வேலைக்குப் போக அனுமதி.

நான் அடுக்கியதில் ஆண் துப்பறிவாளர்கள் பதினொரு பேர்.
எவனுக்காகவும் யாரும் சாகவில்லை.
பொழுது போகவில்லை, கிளம்பிவிட்டான்.

ஆனால் கிளம்பிய பிறகு அவளைப் பார்க்க வேண்டும்!
பணிப்பெண் ஏன் அன்று மட்டும்
இடக்கையால் தேநீர் ஊற்றினாள் என்று கேட்டவள் அவள்.
ஆறு போலீஸ்காரர்கள் தாண்டிப்போன சலவைக்கூடையை
நின்று முகர்ந்து பார்த்தவளும் அவள்.
இன்ஸ்பெக்டர் மெல்ட்ரம் அப்போது
மீசையைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

ஒட்டிக்கொள்ளும் வியாதி இது.
நான் கேப்டனைத் துப்பறிந்தேன்.
தாள்களின் பின்பக்கம் மளிகைக் கணக்கு:
ஓட்ஸ் நாலு பவுண்டு, சோப்பு, திரி.
ஒன்பதாம் பக்கத்தில் ஒரு குழந்தை வரைந்த
ஆடோ நாயோ.
துரத்தல் உச்சத்தில் எழுத்து சட்டென நிற்கும்,
வேறு மசியில் தொடங்கும்.
நடுவில் பால் பொங்கியிருக்கிறது.
யாரிடமும் சொல்லவில்லை.

கடைசி அத்தியாயம் வந்தது.
அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை,
பள்ளிப்பிள்ளை தண்டனை எழுதிய மாதிரி நேர்வரிசை.
ஓரத்தில் ஆசிரியரின் ஊதா மசி:
"மணம் முடிக்கவும்."
மெல்ட்ரம் மண்டியிடுகிறார்.
அவள் நாணுகிறாள்,
இருபத்துமூன்று அத்தியாயமாகப்
பிணத்தின் முன்னால்கூடத் தலை குனியாதவள்.
குறிப்பேட்டைக் கணப்பில் எறிந்துவிட்டு
உங்கள் விருப்பம் என்கிறாள்.

மதியம் மூன்று மணிக்கு மேஸ்திரி கத்தினார்:
"பித்த மாத்திரை விளம்பரம் வந்திருக்கு யூஃபீமியா,
பதினாறு வரி எடு. எங்கேயாவது எடு."

எங்கேயாவது.

எண்ணினேன்.
நாணம் மூன்று வரி. கணப்பு ஐந்து.
சம்மதமும் அவருடைய நன்றியுரையும் எட்டு.
ஈயம் அறைகளுக்குள் திரும்பி விழுந்தது
சில்லறை விழும் சத்தத்தோடு.

இதழ் வெளியானபோது
இன்ஸ்பெக்டர் மண்டியிட்டபடியே இருந்தார்,
முழங்காலுக்குக் கீழே பித்த மாத்திரை.
அவள் கை கதவின் தாழ்ப்பாளில்.

வேலை போய்விடுமென்று இரண்டு வாரம்
ரொட்டி தொண்டையில் இறங்கவில்லை.
எடுத்த வரிகளுக்குக் கூலியைக் கழித்தார்கள்.
அவ்வளவுதான்.

மூன்றாம் வியாழன் புதிய தொடர்.
அதே கை, அதே மளிகைத் தாள், அடித்தல்கள் நிறைய.
வழக்கறிஞர் ஒருவர் இறந்துகிடக்கிறார்,
மேசையில் மையொற்றுத் தாள்.
அதில் இடம்வலமாய்ப் பதிந்த வரிகளைக்
கண்ணாடி கேட்காமல் வாசிக்கிறாள் ஒருத்தி.
மிஸ் ஆக்னியூ. கட்டைவிரல் கறுத்தவள்.
கடலில் யாரும் மூழ்கவில்லை.
எந்த வங்கியும் கதவடைக்கவில்லை.
இந்த வேலைக்கு ஏன் வந்தாள் என்று
தேடித்தேடி அடுக்கினேன்,
ஒரு வரி இல்லை.

என் கட்டைவிரலைப் பாவாடையில் துடைத்துப் பார்த்தேன்.
போகவில்லை.