கழிவு

தராசு எனக்குப் புதிதில்லை.
மஸ்கெலியா மேற்பிரிவில், எட்டாம் நம்பர் மலையில்,
நாளைக்கு மூன்று தரம் நிறுவை.
கொழுந்து பதினெட்டு கிலோ என்றால்
சாக்குக்கு ஒன்று, ஈரத்துக்கு ஒன்று,
எதற்கென்று சொல்லாமல் இன்னொன்று
வெட்டிவிட்டுத்தான் எழுதுவார் சவரியப்பன் கணக்கப்பிள்ளை.
கேட்டால் ஒரே சொல்:
கழிவு.

கிளினிக் தராசில் மட்டும்
கழிவே இல்லை.
படங்கைக் கழற்றி வைத்துவிட்டு ஏறியும்
எழுபத்தொன்பது.
சீனி நூற்றெண்பத்தாறு.
"யோகநாயகி, நல்லா சாப்பிடுறீங்க போல"
என்றாள் தாதி.
பின்னால் வரிசை சிரித்தது.

நல்லா.
விடிய ஒரு ரொட்டி, கட்டச் சம்பல்.
பத்து மணிக்குச் சீனி போட்ட சாயத்தண்ணி.
பகலுக்கும் அதே ரொட்டி, ஆறிப்போனது.
கடையில் மாவுக்குத்தான் கடன்,
மரக்கறிக்குக் கைக்காசு.
இந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு
நாளெல்லாம் மலை ஏறி இறங்குகிறேனே,
அதை எந்தத் தராசில் போட?

பேராதனையிலிருந்து ஒரு பிள்ளை வந்தாள், கசுனி.
பாதி தமிழில் பேசினாள், மீதி கையால்.
மூடி போட்ட சின்னக் குப்பியை நீட்டி
காதோடு காதாக
அதைக் கேட்டாள்.
வெட்கத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஒங்க வயித்துக்குள்ள ஆள் இருக்கு. கோடி கோடி."
கிருமியா என்றேன்.
"கிருமிதான். ஆனா வேலை செய்ற ஆள்."
ஒரே ரொட்டிதானாம்.
ஒருத்தி வயிற்றில் மேலோட்டமாய் எடுப்பார்களாம்,
இன்னொருத்தி வயிற்றில்
சட்டியை வழித்து நக்கியதுபோல் எடுத்து
உடம்புக்குக் கொடுத்துவிடுவார்களாம்.
முழுசாய் யாருக்கும் இன்னும் தெரியாது,
அதைத்தான் பார்க்கிறோம் என்றாள்.
நார் அகப்படாத வயிற்றில்
அவர்கள் எதைத் தின்பார்கள்?
கொஞ்சம் யோசித்தாள், சொல் தேடினாள்.
"செவுரு."
குடலுக்குள் பூசியிருக்கும் பூச்சை
மெல்ல மெல்ல.

அது எனக்கு உடனே விளங்கியது.
வேலைநிறுத்தம் இழுத்த அந்த மாசம்
காம்பரா ஜன்னல் பலகையைப் பிடுங்கித்தான்
அடுப்பெரித்தோம்.
இன்றைக்கும் பனி வருவது அந்த வழியாகத்தான்.

இரவு வயிற்றில் கை வைத்துப் படுத்திருந்தேன்.
உள்ளே ஒரு லயம்.
யார் யார், எப்போது வந்து குடியேறினார்கள்?
அம்மாவிடமிருந்து கொஞ்சம் வந்திருக்கும்,
பீலித் தண்ணியிலிருந்து கொஞ்சம்.
போன வருசம் காய்ச்சலுக்கு
நிறம் நிறமாய் மாத்திரை விழுங்கினேனே,
அப்போது பேர் வெட்டுப்பட்டவர்கள் எத்தனை பேரோ.
புல்லுக்கு மருந்தடித்தால்
கானோரத்து வல்லாரையும் சேர்ந்துதானே சாகிறது.

விடிந்ததும் கசுனி
குப்பியை ஐஸ் பெட்டிக்குள் வைத்து
பெட்டியை மடியில் வைத்து
வேனில் ஏறினாள்.
என்னிடமிருந்து இந்த மலை இறங்கிப் போனவற்றில்
ஒரு கிராமும் வெட்டாமல்
எழுதிக்கொண்டு போனது
அது ஒன்றுதான்.

முடிவு இன்னும் வரவில்லை.
வந்தால் இங்கிலீஷில் வரும்.

சம்பளத்தன்று கௌப்பி ஒரு கிலோ வாங்கினேன்,
மாவைக் குறைத்துக்கொண்டு.
ராத்திரி வயிறு கடமுடவென்றது.
மகன் மூக்கைப் பொத்திக்கொண்டு
போர்வையோடு அந்தப் பக்கம் உருண்டான்.
இருக்கட்டும்.
பிரட்டுக்கு வந்திருக்கிறார்கள்.
அவர்களுக்காவது
முழுப் பேர் விழட்டும்.