முப்பத்திரண்டு ஶ்ரீ

லொறியின் அடிச்சட்டத்தில்
ஒரு வீட்டைத் தூக்கி வைத்தது மாதிரி நிற்கும்.
இசுசு ட்ரூப்பர். எண்பத்து நாலாம் ஆண்டு.
நெளுக்குளத்தில் அரிசி ஆலைக்குப் பின்னால்
பின்சீற்றில் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருக்கையில்
வாங்கினேன்.
கோழிகளுக்குத் தனி விலை கேட்டான்.

"வேகன்ஆர் ஒண்டு லீசிங்கில எடுத்திருக்கலாம்,
லீற்றருக்கு இருபது ஓடும்" என்றார் இவர்.
எடுத்திருக்கலாம்.
நட்டாங்கண்டல் றோட்டில் மாரி கழிய
வேகன்ஆரின் வயிறு உரசுகிற சத்தத்தை
லீசிங் கம்பனி கேட்டதில்லை.
எனக்கு நாளுக்கு அறுபது கிலோமீற்றர்.
பின்னால் நைதரசன் கலன், அதற்குள்
உறைந்துபோன காளைகள்,
கயிறு, சவர்க்காரம், தோள் வரை நீளும் கையுறை.
சினைக்கு நிற்கும் பசு
றோட்டுப் போடும் வரைக்கும் நிற்காது.

மாங்குளம் கராஜில் புகழினியன்
வண்டியை ஒருமுறை சுற்றி வந்தான்.
தாங்கியின் மூடியைத் திறந்து மணந்தான்.
"அக்கா, இது மண்ணெண்ணெய் குடிச்சு வளந்தது.
அப்பான்ர மோட்டச்சைக்கிளும் இப்பிடித்தான் மணக்கும்."
இத்தனை வருடத்துக்குப் பிறகும் மணக்குமா?
நானும் குனிந்து மணந்தேன்.
டீசல்தான் மணத்தது.
ஓம், என்றேன்.

பழைய எஞ்சின் இறங்கியது.
எல்ஃப் லொறியில் கழற்றிய இரண்டாயிரத்து எண்ணூறு ஏறியது.
தோளை முறிக்கும் ஸ்ரேறிங்குக்குப் பவர்.
பிரேக்குக்குப் புது பூஸ்ரர், எல்லாச் சீற்றுக்கும் பெல்ற்.
பின்னால் பார்க்க ஒரு கமரா,
உள்ளங்கை அளவில் அதற்கொரு திரை.
ஏசி, செத்துப்போன டொல்பின் வான் ஒன்றுடையது;
என் இடது முழங்காலை மட்டும்
நன்றாகக் குளிர்விக்கிறது.
இரண்டு சங்கிலியும் ஒரு காப்பும் போயின.
இவரிடம் ஒரு சங்கிலி என்று சொல்லியிருக்கிறேன்.

உரஞ்ச உரஞ்ச
வெள்ளைக்குக் கீழே பச்சை,
பச்சைக்குக் கீழே தூரிகையால் பூசிய மண்நிறம்,
அதற்கும் கீழே கம்பனி நீலம்.
"என்ன நிறம் அடிக்க?"
"சேறு தெரியாத நிறமா அடி."
சிரித்தான்.
"அதைத்தான் அக்கா அவையும் அடிச்சவை."

பின்கதவில் சுட்டுவிரல் போகிற ஓட்டை.
வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
"அடைக்கட்டோ, விடட்டோ?" என்று நின்றான்.
விரலை விட்டுப் பார்த்தேன்.
தகடு வெளிப்பக்கமாக மடிந்திருந்தது.
உள்ளிருந்து போனது.
ஐப்பசிக்கு இன்னும் நாலு நாள்.
"அடை," என்றேன், "தண்ணி வரும்."

நம்பர்த் தகட்டில் முப்பத்திரண்டுக்குப் பக்கத்தில்
சிங்கள ஶ்ரீ.
ஒருகாலம் அந்த ஓரெழுத்துக்காக
மறியலுக்குப் போனார்களாம் எங்கள் ஆட்கள்.
பழைய பற்தூரிகையால் தேய்த்துக் கழுவினேன்.
பொலிஸ் மறித்தால் தெளிவாகத் தெரியவேண்டும்.

முதல் மழை அன்று, இரவு ஒன்பதரைக்கு,
பாண்டியன்குளத்திலிருந்து போன் வந்தது.
கன்று குறுக்கே கிடக்கிறதாம்.
இவர் ரோர்ச் பிடிக்க வந்தார்.
வழியில் ஒரு முறிப்பில் தண்ணீர் குறுக்கறுத்து ஓடியது;
நாலு சில்லும் பிடிக்கும்படி நெம்பை இழுத்தேன்.
இவர் முன்னால் இருந்த பிடியை இறுக்கிப் பிடித்தார்.
வேகன்ஆரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பன்னிரண்டு மணிக்குக் கன்று நின்றது.
நாகு. நெற்றியில் வெள்ளை.
திருப்ப இடமில்லாத ஒழுங்கை;
பின்னுக்கே எடுத்தேன்.
சின்னத் திரையில் மழை, வேலி, சேறு,
வேலிக்கப்பால் கன்றை நக்கிக்கொண்டு நிற்கும் தாய்.
"என்ன இது" என்று இவர் தோளைத் தடவினார்.
சட்டை நனைந்திருந்தது.

எங்கேயோ இன்னும் ஒரு ஓட்டை இருக்கிறது.
விடியப் புகழினியனுக்குச் சொல்லவேணும்.