உப்புப்பாறை

எங்கோ ஒரு நட்சத்திரம் வெடித்தது.
எப்போதென்று கேட்காதீர்கள்,
எனக்கு இந்தக் கல்லின் வயதே இன்னும் தெரியவில்லை.

அங்கிருந்து கிளம்பிய துகள்
நம் காற்றில் மோதிச் சிதறுகிறது.
சிதறலில் ஒரு நியூட்ரான்
நாரின் மேட்டில்,
தோக்தோசுனின் பட்டிக்கு மேலே கிடக்கும்
பாறைக்குள் இறங்குகிறது.
வெண்படிகத்தில் ஓர் ஆக்சிஜன் அணு உடைகிறது.
சத்தமில்லை. ஆடுகூடத் திரும்பிப் பார்ப்பதில்லை.
உடைந்ததில் மிஞ்சுவது பெரிலியம்,
கிராமுக்கு, ஆண்டுக்கு, ஏறக்குறைய நாற்பது அணு.
யாருக்கும் சொல்லாமல்
சிறுவாடு சேர்க்கிறது கல்.

பனியாற்றின் வயிற்றில் இருந்தவரை
இது வானத்தைப் பார்த்ததில்லை.
பனி உருகி, இதை இங்கே போட்டுவிட்டுப்
பின்வாங்கிய நாள்தான் முதல் நாள்.
அதை எண்ணத்தான்
உளியோடும் சுத்தியலோடும் வந்திருக்கிறேன்.

சுற்றியுள்ள மலைகள் மறைக்கும் வானத்தைக்
கணக்கில் கழிக்க வேண்டும்.
பனி மூடும் மாதங்களையும்.

“குளிர்காலத்தில் இதன்மேல் எவ்வளவு பனி நிற்கும்?”
“நிற்காது,” என்றார் தோக்தோசுன்.
“காற்று துடைத்துவிடும்.
அதனால்தான் ஆடுகளுக்கு உப்பை இதில் வைக்கிறோம்.”

உச்சியில் ஒரு குழி.
ஐந்து விரலும் மூழ்கும்,
கண்ணாடிபோல் வழவழப்பு.
“அங்கேயே வெட்டு, சயரகுல்.
ஆழமானால் உப்பு சிந்தாது.”
மற்ற நான்கு பாறைகளில் என் விருப்பப்படி வெட்டினேன்,
இதில் மட்டும் அவர் விருப்பப்படி.

பிறகு பத்து மாதம்:
அரைத்தேன், அமிலத்தில் கரைத்தேன்,
அணுக்களை ஒவ்வொன்றாக எண்ணும் எந்திரத்துக்கு
வரிசையில் காத்திருந்தேன்.

நான்கு பாறைகளும் ஒரே குரலில்
பதினாறாயிரம் என்றன.
உப்புப்பாறை மட்டும் பதினாலாயிரத்து எழுநூறு.

கருவியைச் சந்தேகித்தேன். என் கையைச் சந்தேகித்தேன்.
ஒரு ராத்திரி, தேநீர் ஆறிப்போன பிறகு,
அந்த வழவழப்பு விரல் நுனிக்கு ஞாபகம் வந்தது.

கதிர் அதிகம் சேர்த்துவைப்பது மேல்தோலில்தான்.
அந்தத் தோல் அங்கே இல்லை.
ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளை
ஆடுகள் நக்கிவிட்டன.

எத்தனை நாக்குகள், எத்தனை மந்தைகள்,
யார் யார் கை உப்பு?
என் சூத்திரத்தில் அதற்கு எழுத்தில்லை.
கட்டுரையில் ‘தேய்மானம்’ என்று எழுதி,
அந்தப் பாறையை
சராசரியிலிருந்து நீக்கினேன்.

தோக்தோசுனிடம் போனில் சொன்னேன்.
காற்று இரைந்தது, பிறகு ஒரு செருமல்.
“அது இருக்கட்டும்.
குழி இப்போது நன்றாக இருக்கிறது.
அடுத்த முறை
இடது ஓரத்தில் இன்னும் கொஞ்சம் எடு.”